பூட்டிய பெட்டிக்குள் நாற்பத்தைந்து நிமிடம்



"டெக்னிகலா ஏதாவது எழுது. ஆனா நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார் நமது பேரவைச் செயலாளர். டிரான்ஸ்ஃபார்மர், சூரிய மின்சாரம், மின் சிக்கனம் எல்லாம் முந்தைய மலர்களிலேயே வந்துவிட்டன. ஆகவே நான் ஒரு பூட்டைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். சாவி போட்டுத் திறக்கும் திண்டுக்கல் பூட்டு அல்ல. கரண்ட் இருந்தால் பூட்டியிருக்கும், கரண்ட் போனால் தானே திறந்துகொள்ளும் பூட்டு. அந்தப் பூட்டு போட்ட ஓர் இரும்புப் பெட்டிக்குள் நானும் ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேரும் முக்கால் மணி நேரம் அடைபட்டுக் கிடந்தோம். யாரும் எங்களைப் பிடித்து அடைக்கவில்லை. நாங்களாகவே பஸ் ஏறிப் போய் உள்ளே நுழைந்தோம்.

இந்த விளையாட்டுக்கு எஸ்கேப் ரூம் என்று பெயர். ஒரு குழுவை ஓர் அறைக்குள் விட்டுக் கதவை மூடிவிடுவார்கள். அறைக்குள்ளேயே புதிர்கள் இருக்கும். ஒரு புதிரை அவிழ்த்தால் அடுத்த புதிருக்கு வழி கிடைக்கும். கடைசிப் புதிரை அவிழ்த்தால் கதவு திறக்கும். குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் தோல்வி. முதலில் கம்ப்யூட்டர் விளையாட்டாகத்தான் இது இருந்தது. திரையில் தெரியும் அறையில் அங்கே இங்கே தட்டிச் சாவி தேட வேண்டும். அதை நிஜ அறையில் ஆட வைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த தாக்காவோ காத்தோ. 2007இல் கியோட்டோ நகரில் அவருடைய 'ஸ்கிராப்' நிறுவனம் இதை நடத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவி, பிறகு பெங்களூர், சென்னை என்று நம்ம ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "காசு குடுத்துப் போயி அடைஞ்சு கெடக்கணுமா? நல்லா இருக்குடா உங்க வெளையாட்டு" என்றார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் நான் எதைச் சொன்னாலும் படித்தவர்கள் செய்கிற வேலை போலிருக்கிறது என்று பாதி நம்புவார்கள், பாதி சிரிப்பார்கள். காசு நாங்கள் கொடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நமது பாலிடெக்னிக்கில் படித்து முடித்த சீனியர் அண்ணன் ஒருவர் மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதியில் ஒயரிங் காண்டிராக்ட் எடுத்திருந்தார். அங்கே விருந்தினர்களுக்காக இப்படி ஒரு விளையாட்டு புதிதாகத் தயாராகிக்கொண்டிருந்தது. திறப்பதற்கு முன் ஆட வைத்துப் பார்க்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். "சாப்பாடு உண்டு, பஸ் சார்ஜ் உண்டு, வாங்கடா" என்றார். மறைமலைநகரில் ரயில் ஏறிச் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

வழக்கமாக இந்த விளையாட்டு ஏதாவது ஒரு கட்டடத்தின் அறையில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. கப்பலில் சரக்கு ஏற்றும் இருபது அடி கண்டெய்னர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி வந்து, தென்னை மரங்களுக்கு நடுவே நிறுத்திப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மேல் இதைத் தினமும் பார்க்கிறோம், உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? உள்ளளவு நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35 மீட்டர், உயரம் 2.39 மீட்டர். கையைத் தூக்கினால் கூரை தொட்டுவிடும். கண்டெய்னரின் சொந்தக் கதவுகளை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும். நீளமான இரும்புத் தண்டுகள் மேலும் கீழும் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவனுக்குப் பிடிக்க ஒரு கைப்பிடிகூடக் கிடையாது, ஏனென்றால் உள்ளே ஆள் இருப்பான் என்று யாரும் நினைத்துச் செய்த பெட்டி அல்ல அது. அண்ணன் செய்த முதல் வேலை, அந்தக் கதவுகள் இரண்டையும் முழுக்கத் திறந்து பக்கவாட்டில் வெல்டு வைத்துவிட்டதுதான். அரை மீட்டர் உள்ளே தள்ளி மரத் தடுப்பு அடித்து, அதில் வெளிப்பக்கம் திறக்கிற ஒரு சாதாரணக் கதவு வைத்திருந்தார். பூட்டு அந்தக் கதவில்தான்.

விளையாட்டின் கதை மாமல்லபுரத்துக் கதை. இங்கே கடற்கரையில் ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போய்விட்டன, ஒன்றுதான் மிச்சம் என்று ஒரு பேச்சு உண்டு அல்லவா? பழைய காலத்து ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரையே 'ஏழு கோயில்' என்றுதான் அழைத்தார்கள். நாங்கள் ஆறு பேரும் முங்கிப்போன கோயிலுக்குள் மாட்டிக்கொண்டவர்களாம். சுவரில் ஏழு மாடங்கள், ஒன்றில் மட்டும் விளக்கு. மூலையில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை மாதிரி தெர்மாகோலில் செய்த ஓர் உருண்டை. ஒரு பெட்டியில் இரண்டு எண் பூட்டு. பக்கத்தில், 'எத்தனை ரதம், எத்தனை பேர்?' என்று ஓர் ஓலை. ரதங்கள் ஐந்து. பெயர்கள் ஆறு, ஏனென்றால் நகுலனுக்கும் சகாதேவனுக்கும் சேர்த்து ஒரே ரதம். 5, 6 என்று வைத்தவுடன் பெட்டி திறந்துகொண்டது. நான்காம் வகுப்பில் சுற்றுலா வந்தது அன்றைக்குத்தான் உதவியது.

அந்த உருண்டைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குள் ஒரு காந்தம். ஏழு மாடங்களில் சரியான மாடத்தில் வைத்தால் அடியில் இருக்கும் ரீட் சுவிட்ச் சேர்ந்துகொள்ளும். ரீட் சுவிட்ச் என்பது சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்பு நாக்குகள். காந்தம் பக்கத்தில் வந்தால் ஒன்றோடொன்று ஒட்டி சர்க்யூட்டை மூடும், போனால் விலகும். பார்க்கிறவர்களுக்கு மாயம், நமக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் சாமான். இன்னொரு புதிர் இன்னும் வேடிக்கை. ஒரு தூணில் மஞ்சள், ஊதா, சிவப்பு என்று மூன்று வளையம். எங்கள் குழுவில் ஆறு பேரும் ஒரே குரலில் "நாலு, ஏழு, ரெண்டு" என்று கத்தினோம். ரெசிஸ்டர் கலர் கோடு முதலாம் ஆண்டிலேயே மனப்பாடம் ஆயிற்றே! வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "இது பப்ளிக்குக்கு ஆவாதுப்பா" என்று அன்றே அந்தப் புதிரை எடுத்துவிடச் சொன்னாராம்.

முதல் கால் மணி நேரம் சிரிப்பும் கூச்சலுமாகப் போயிற்று. அதற்குப் பிறகு வேர்க்க ஆரம்பித்தது. எங்களில் ஒருவன் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டு கதவுப் பக்கமாகவே நின்றான். "என்னடா?" என்றால், "ஒண்ணும் இல்ல, காத்து பத்தல" என்றான்.

நிஜமாகவே காற்று பத்தாமல் போயிருக்குமா? ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போடலாம். தடுப்புக்கு உள்ளே இருக்கும் இடம் ஏறக்குறைய 30 கன மீட்டர், அதாவது 30,000 லிட்டர். சும்மா நடமாடும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். ஆறு பேர், முக்கால் மணி: 6 × 20 × 0.75 = 90 லிட்டர். காற்றே வெளியேறாத பெட்டி என்று வைத்துக்கொண்டாலும் 0.3 சதவீதம்தான் கூடும். வெளிக்காற்றில் ஏற்கெனவே 0.04 சதவீதம் இருக்கிறது. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகள் ஒப்புக்கொள்ளும் அளவு 0.5 சதவீதம். ஆக்சிஜனும் அதே அளவுக்குத்தான் குறையும், 20.9இலிருந்து 20.6. ஆகக் காற்று தீரவில்லை. புழுக்கமும் லேசான தலைவலியும் வரலாம், அவ்வளவுதான்.

உண்மையான எதிரி சூடு. சும்மா இருக்கும் மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறது. ஆறு பேர் என்றால் 600 வாட், ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பெட்டிக்குள் ஓட விட்ட மாதிரி. இரும்புக் கூரைக்கு மேலே கடற்கரை வெயில். வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அந்தத் தவிப்பைத்தான் நாம் 'மூச்சு முட்டுது' என்கிறோம். அங்கே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, கதவுக்குக் கீழே காற்று வர இடைவெளியும் இருந்தது. இரண்டும் இல்லாமல் இந்த விளையாட்டை நடத்தவே கூடாது என்பது என் கருத்து.

இதே கணக்கில் ஆறு பேருக்குப் பதில் நூறு பேர் என்று போட்டுப் பாருங்கள். மணிக்கு 2000 லிட்டர் கரியமில வாயு, ஒரே மணி நேரத்தில் 6 சதவீதத்துக்கு மேல். மூச்சு வாங்கும், தலை சுற்றும், புத்தி தடுமாறும். பத்து சதவீதத்தை நெருங்கினால் நினைவு போய்விடும். வெப்பம் 10,000 வாட். கணக்குக்காகச் சொல்லவில்லை, இது நடந்திருக்கிறது. 1921 நவம்பரில், மலபார் கலகத்தில் கைதான ஏறக்குறைய நூறு பேரைத் திரூர் ஸ்டேஷனில் மூடிய சரக்கு வேகன் ஒன்றில் அடைத்து ரயிலில் கோர்த்து அனுப்பினார்கள். காற்று போக வைத்திருந்த வலை பெயின்ட்டும் தூசும் அடைத்துக் கிடந்தது. கதவு வெளியே தாழ். நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்துப் போத்தனூரில் திறந்து பார்த்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சில மணி நேரப் பயணம்தான். உள்ளே இருந்தவர்கள் தட்டியிருப்பார்கள், கத்தியிருப்பார்கள். திறக்கும் தாழ் மட்டும் அவர்கள் பக்கம் இல்லை.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். அந்தக் கதவில் இருந்தது மின்காந்தப் பூட்டு. கதவு நிலையில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புப் பட்டை. 12 வோல்ட் டி.சி.யில் அரை ஆம்பியர், அதாவது 6 வாட் கொடுத்தால் போதும், சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும். நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. ஆனால் பட்டைக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு சினிமா டிக்கெட் தடிமன் இடைவெளி விழுந்தால் இழுவை படுவேகமாகக் குறைந்துவிடும். காற்று இடைவெளியில் காந்தப் பாயம் எப்படி வீணாகிறது என்று மெஷின்ஸ் பாடத்தில் படித்ததுதான். கரண்ட்டை நிறுத்தினால் கதவு விரலுக்குத் திறக்கும்.

இந்த வகைக்கு 'ஃபெயில் சேஃப்' என்று பெயர். பழுதானால் பாதுகாப்பான பக்கம் சாயும் என்று பொருள். இன்னொரு வகை 'ஃபெயில் செக்யூர்'. அதில் ஸ்பிரிங் தாழ்ப்பாளைத் தள்ளி வைத்திருக்கும், கரண்ட் கொடுத்தால்தான் தாழ் விலகும். கரண்ட் போனால் பூட்டியது பூட்டியபடி. நகைக்கடை லாக்கர் அறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் அது சரி. ஆள் இருக்கும் இடத்துக்கு அது ஆகாது. ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக் விழும், விடாது. லிஃப்ட்டில் கரண்ட் போனால் ஸ்பிரிங் பிரேக்கைக் கவ்வ வைக்கும். கரண்ட் போனால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. அந்தப் பெட்டிக்குள்தான் எனக்கு அந்த வரியின் அர்த்தம் விளங்கியது.

எப்படி என்றால், முப்பத்தோராவது நிமிடத்தில் நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. எமர்ஜென்ஸி விளக்கு எரிந்தது. கதவில் 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம் உள்ளே வந்தது. வேடிக்கை என்னவென்றால் யாரும் வெளியே ஓடவில்லை. "மூடுடா, இன்னும் பதினாலு நிமிஷம் கெடக்கு" என்றுதான் குரல் வந்தது. கதவருகே நின்ற அந்த ஒரு நண்பன் மட்டும் வெளியே போய்த் தென்னை நிழலில் உட்கார்ந்துகொண்டான். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டான். அவனை யாரும் கேலி செய்யவில்லை. மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதது உடம்பின் சுபாவம். தைரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கரண்ட் வந்து, ஆட்டத்தை முடித்து (நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஜெயித்தோம்!) வெளியே வந்தால், முதலாளிக்கும் அண்ணனுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"தம்பி, கரண்ட் போனா கதவு தொறந்துக்கிச்சுன்னா ஆட்டமே கெட்டுப்போச்சு. கஸ்டமர் காசு திருப்பிக் கேப்பான். யு.பி.எஸ். போட்டு வுடு. அப்படியே வெளிய ஒரு தாழ்ப்பாளும் வெச்சுடு."

"சார், லைட்டுக்குப் போடறேன், ஃபேனுக்குப் போடறேன், கேமராவுக்கும் போடறேன். பூட்டுக்கு மட்டும் போட மாட்டேன்."

"ஏம்பா, ஒரு பேட்டரிதான?"

"உள்ள பொகை வந்து மெயின் ஆஃப் ஆச்சுன்னா கூட, அந்த பேட்டரி கதவப் புடிச்சிக்கிட்டே இருக்கும் சார்."

முதலாளி சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் போட்டவர் அவர். நம் பக்கம் கரண்ட் போவது ஒன்றும் அதிசயமில்லை. கடைசியில் அண்ணன் ஒரு வழி சொன்னார். ஆட்டத்தின் கடிகாரமும் புதிர்களும் பேட்டரியில் ஓடட்டும், கதவு மட்டும் திறந்துகொள்ளட்டும். விருப்பம் உள்ளவர்கள் கதவை இழுத்து மூடிக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். நாங்கள் அதைத்தானே செய்தோம்! எங்களையே சாட்சியாகக் காட்டி அவரைச் சம்மதிக்க வைத்தார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போலந்து நாட்டில் கோஷாலின் என்ற ஊரில் 2019 ஜனவரி 4ஆம் தேதி நடந்தது இது. ஐந்து பெண்கள், எல்லாரும் பதினைந்து வயதுக்காரிகள், பிறந்த நாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போனார்கள். பக்கத்தில் இருந்த வரவேற்பு இடத்தில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. வெளியே வரும் வழி அதன் ஊடாகத்தான். வேறு வழி இல்லை. ஐந்து பேரும் இறந்தார்கள். தீ சுடவில்லை, புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு. அதற்குப் பிறகு போலந்து முழுவதும் இந்த விளையாட்டு இடங்களைச் சோதனை போட்டுப் பலவற்றை மூடினார்கள். நம் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் தீக்கிரையான பள்ளியிலும் குறுகிய படியும் வழியும்தான் பேச்சாயிற்று. அந்தப் பிள்ளைகள் இன்று இருந்தால் நம்மைவிடப் பெரியவர்களாக இருப்பார்கள்.

பச்சைப் பொத்தான் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதிரி அறைகளில் உள்ளே ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினால் கதவு திறக்கும். எல்லாரும் 'பொத்தான் இருக்கிறதா?' என்றுதான் பார்ப்பார்கள். அந்த ஒயர் எங்கே போகிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும். அங்கே புதிர்களை ஓட்டும் சின்ன கண்ட்ரோலர் போர்டு ஒன்று இருந்தது. போர்டு செய்து கொடுத்தவர்கள் பொத்தானையும் அதற்குள்ளேயே கொடுத்திருந்தார்கள். பொத்தானை அமுக்கினால் புரோகிராம் அதைப் படித்து, ரிலேயை விடுவித்து, கதவு திறக்கும். புரோகிராம் உறைந்து நின்றுவிட்டால்? பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் கேட்க ஆள் இல்லை. அண்ணன் அதைப் பிரித்து, பூட்டுக்குப் போகும் 12 வோல்ட் ஒயரிலேயே, சாதாரணமாக மூடியிருக்கும் காண்டாக்ட் உள்ள பொத்தானைச் சீரிஸில் போட்டார். அமுக்கினால் ஒயர் அறுந்த மாதிரி. புரோகிராமைக் கேட்கவே வேண்டாம். சீரிஸ், பேரலல் என்று முதல் செமஸ்டரில் படித்தபோது இதெல்லாம் எதுக்கு என்று நினைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு கோயில், வெண்ணெய் உருண்டை எதையும் அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. "வெளிய யாரு நின்னாங்க?" என்றார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா காண்டிராக்டரிடம் தொட்டி சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவர். கம்பெனிகளில் தண்ணீர்த் தொட்டி, கழிவு நீர்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி. ஆள் நுழையும் வாய் ஒன்றரை அடி, இரண்டு அடி இருக்கும். ஒருமுறை ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) இரண்டு மாதம் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். நாற்றம் எதுவும் இல்லை. இரண்டு நிமிடத்தில் கால் துவண்டுவிட்டது. மேலே கயிற்றைப் பிடித்திருந்த பெரியப்பா பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தவர், பதில் வராததைக் கவனித்து இழுத்துவிட்டார். அவர் உள்ளே குதிக்கவில்லை, அதனால்தான் இரண்டு பேரும் இன்று இருக்கிறார்கள்.

அந்தத் தொட்டியில் இருந்தது விஷம் அல்ல, துரு. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய ஈரத் தொட்டியில் துரு மெல்ல மெல்ல ஆக்சிஜனைத் தின்றுவிடும். 20.9 இருக்க வேண்டியது 19.5க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது என்பது விதி. பத்துக்கு வந்தால் நினைவு தப்பும். கண்ணுக்கும் மூக்குக்கும் எதுவும் தெரியாது. கழிவு நீர்த் தொட்டியில் வேறு ஆபத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாக இருந்தால் மூக்கின் உணர்ச்சியே மரத்து நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவன்தான் விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுகிறான். பேப்பரில் வரும் செய்திகளில் ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான்.

நம் ஊர்களில் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள், அணைந்தால் இறங்க மாட்டார்கள். பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு வந்தால் சுடர் நிற்காது. ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதைச் சுடர் சொல்லாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வத்தியாகிவிடும். ஆகவே சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் விளக்கு வேலைக்கு ஆகாது. அதற்கு வாயு அளக்கும் மீட்டர் இருக்கிறது, கைக்குள் அடங்கும்.

அப்பா கேட்ட கேள்வி சட்டத்திலும் இருந்தது என்பதை லைப்ரரியில் படித்து ஆச்சரியப்பட்டேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, வாயு தேங்கக்கூடிய தொட்டிக்குள் ஆளை இறக்க நிபந்தனை போட்டது. போதுமான வாய் அல்லது வெளியேறும் வழி இருக்க வேண்டும். தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், அல்லது இறங்குபவர் சுவாசக் கருவி போட்டு, இடுப்புப் பெல்ட்டில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மறுமுனை வெளியே ஒருவர் கையில்! எங்கள் பெரியப்பா படிக்காமலே அதைச் செய்திருக்கிறார். சாக்கடைக்கும் செப்டிக் டேங்குக்கும் தனிச் சட்டம் 2013இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது, இறப்பு நிற்கவில்லை. ஒரு மீட்டரும் ஒரு ஊது ஃபேனும் இதில் எத்தனையில் ஒரு பங்கு விலை என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்பாவுக்கு நான் பதில் சொன்னேன்: "வெளிய அண்ணன் நின்னாரு. கேமராவுல பாத்துக்கிட்டே இருந்தாரு. மைக்குல பேசினாரு." "அப்ப சரி" என்றார். விளையாட்டு உலகில் அந்த ஆளுக்கு 'கேம் மாஸ்டர்' என்று பெயர். புதிரில் தடுமாறினால் துப்புக் கொடுப்பது அவர் வேலை என்றுதான் விளம்பரத்தில் போடுகிறார்கள். டீ குடிக்கக் கூட அவர் எழுந்து போகக் கூடாது. ஏதாவது ஆனால் முதலில் பார்ப்பவர் அவர்தான்.

நண்பர்களே, நம்மில் பலர் இன்பிளாண்ட் டிரெயினிங் என்றும் வேலை என்றும் இந்த மறைமலைநகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குள்தான் போகப் போகிறோம். சிலர் லீவில் நண்பர்களோடு இந்த விளையாட்டுக்கும் போவீர்கள், போங்கள், நன்றாகவே இருக்கிறது. நுழைவதற்கு முன் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். "கரண்ட் போனா என்ன ஆகும்ணா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு பீச்சுக்குப் போகலாம். தொட்டி என்றால் கேள்வியே வேறு: அளந்து பார்த்தீங்களா, கயித்த யாரு புடிக்கிறது? டிரெயினி கேட்கிறான் என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

நமது துறைக் கண்காட்சிக்காக நானும் அந்த ஐந்து பேரும் ஒரு மாடல் செய்துகொண்டிருக்கிறோம். மூன்றடி உயரத்தில் இரண்டு மரக் கதவுகள். ஒன்றில் மின்காந்தப் பூட்டு, மற்றதில் ஸ்பிரிங் தாழ்ப்பாள். பக்கத்தில் ஒரு ஃபியூஸ் கட்டை. பார்க்க வருகிறவர்களே ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கலாம். ஒரு கதவு திறக்கும், ஒன்று திறக்காது. பூட்டு பழையது, அண்ணன் கொடுத்தது. பட்டையில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடுவதால் சில சமயம் ஒட்டிக்கொள்கிறது, ஒரு சின்ன ரப்பர் புஷ் வைத்துச் சரி செய்ய வேண்டும். எலெக்ட்ரிகல் லேபில் இரண்டாவது மேஜை. மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.

— மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு